மரணங்களை எண்ணும் அட்டவணைக்கு வெளியே

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதைத்தான் முதுமாணி ஆய்வுக்கு எடுத்தேன். முதலில் மேசை வேலை. மோதல் ஆய்வில் பலரும் எடுத்தாளும் உப்சாலா பல்கலைக்கழகத் தரவில், ஓராண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அது ஆயுத மோதல். 1,000 பேர் என்றால் போர். நாடுகளை ஒப்பிட நல்ல அளவுகோல்தான். ஆனால் 70,000 பேருக்கு மேல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது, மரணங்களை எண்ணும் அட்டவணையில் எங்கே ஏறும்? எனக்குக் கோபமே வந்தது.

சரி, துரத்தப்பட்டவர்களில் பலர் குடியேறிய புத்தளத்துக்குப் போய் அவர்களிடமே பேசுவோம் என்றால், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். பெயரோடு ஒரு தாள் யாரிடமாவது இருந்தாலே பயப்படுகிற மக்களிடம் அது நடக்காது. வாய்மொழியாக ஒப்புதல் பெறுவேன், பெயருக்குப் பதில் எண் போடுவேன், பதிவுகளைப் பூட்டி வைப்பேன் என்று விளக்கி எழுதிக் கொடுத்த பிறகு இணங்கினார்கள். இந்தக் கட்டத்தில் யாரும் அவசரப்பட வேண்டாம். பேசுகிறவரின் பாதுகாப்பு இங்கேதான் முடிவாகிறது.

நான் கேட்டது 1990 பற்றி. அவர்கள் திரும்பத் திரும்ப 2002-க்கு வந்தார்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் உடன்பட்டார்கள், முஸ்லிம்கள் ஊர் திரும்பலாம் என்று. நாட்டளவில் அது சமாதானம்.

“திரும்பலாம் எண்டு சொன்னாங்க மகள். வீட்டுல வேற ஆக்கள் இருக்காங்க. காணி உறுதிப் பத்திரத்தக் காட்டு எண்டா எங்க போறது? ரெண்டு மணித்தியாலத்துல வெளிக்கிட்டவங்க நாங்க” என்றார் யாழ்ப்பாண நகரத்து மாமி ஒருவர். வீட்டில் இருந்தவர்களோ போரில் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள். அவர்களுக்கும் போக இடமில்லை. இந்தப் பக்கம் புத்தளத்தில், வேலைக்கும் காணிக்கும் தண்ணீருக்கும் உள்ளூர் முஸ்லிம்களோடு உரசல்.

அப்புறம் ஆய்வேட்டின் அமைப்பையே மாற்றினேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் நாட்டில் நடந்தது, ஊரில் நடந்தது, வீட்டில் நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். 2009 மே மாதம் நாட்டுப் பகுதியில் போர் முடிகிறது. வீட்டுப் பகுதியில் காணிச் சிக்கல் தொடர்கிறது. இதில் எதை நம்புவது என்று பரீட்சகர் கேட்டார். எல்லாவற்றையும்தான் என்றேன். 2002 உடன்பாடு அந்த மாமியை ஏன் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பதற்கு விடை அந்தக் காணி உறுதியில் இருக்கிறது, உடன்பாட்டின் வாசகத்தில் இல்லை என்று காட்டினேன்.