முலாம்பழம் நட்ட கதை: மண் சூடேறும் வரை பொறுத்திருந்தேன்

முதல் முறை ஊன்றிய பன்னிரண்டு விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிளறினால், எல்லாம் ஊறி அழுகிப்போயிருந்தன. விதைமேல் குறை சொல்ல முடியாது. பகல் வெயிலை நம்பிக் குளிர்காலம் முடியும் முன்பே விதைத்துவிட்டேன். வெயில் அடித்தாலும் மண்ணுக்குள் இரவுக் குளிர் அப்படியேதான் இருந்தது.

அடுத்த முறை ஒரு வெப்பமானியைக் காலை நேரத்தில் மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பார்க்க ஆரம்பித்தேன். தொடர்ந்து சில நாட்கள் 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருந்த பிறகுதான் விதையைக் கையில் எடுத்தேன். மண் 25 முதல் 32 டிகிரி வரை இருந்தால் முளைப்பு இன்னும் வேகமாக இருக்கும். இன்னொரு கணக்கும் போட்டுக்கொண்டேன். விதைத்ததிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய 80, 90 நாட்கள் ஆகும். அந்தக் கடைசி வாரங்கள் மழைக்காலத்தில் போய் விழக்கூடாது. பழுக்கும் நேரத்தில் மழை கொட்டினால் பழம் வெடிக்கும், இனிப்பும் குறையும்.

நாள் முழுக்க வெயில் விழும் மூலையில் மட்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து, சிறு மேடுகளாகக் குவித்தேன். மேட்டில் தண்ணீர் தேங்காது, மண்ணும் சீக்கிரம் சூடாகும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மீட்டர். மேட்டுக்கு நான்கு விதை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம். ஆறாம் நாள் முளை தெரிந்ததும் எனக்கு நிம்மதி. முளையிலைகளுக்கு அடுத்து இரண்டு நிஜ இலை வந்த பிறகு நல்ல செடி இரண்டை விட்டு, மற்றவற்றைக் கத்தரியால் அடியில் வெட்டினேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். முலாம்பழம் அதைத் தாங்காது. நாற்றுவிட்டு நடுபவர்கள் மட்கும் காகிதக் கோப்பையில் வளர்த்துக் கோப்பையோடு நடுவதும் இதனால்தான்.

தண்ணீரைக் காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றினேன். இலைகளில் சாம்பல் படிந்ததுபோல் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது சாம்பல் நோய். எனக்கும் வந்தது. நெருக்கமாகக் கிடந்த கொடிகளைப் பிரித்துக் காற்றோட்டம் கொடுத்து, நோய் பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்ததில் பரவாமல் நின்றது.

நான் மிகவும் பயந்தது பூக்கள் உதிர்ந்தபோதுதான். மஞ்சள் பூக்கள் நிறைய வந்தன, ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. முதலில் வருபவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பத்து நாள் போல் கழித்து, பக்கக் கிளைகளில், அடியில் சிறிய உருண்டையோடு பூக்கள் வந்தன. அவைதான் காய்ப்பவை. ஒரு பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். தேனீ வரவு குறைவாக இருந்ததால், காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தை இந்தப் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். ஓரிரு நாளில் உருண்டை பருக்கத் தொடங்கியது. தொடாமல் விட்டவற்றில் பல மஞ்சளாகி விழுந்தன. பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து பக்கமே போகவில்லை, வரும் நாலு தேனீயும் வராமல் போய்விடும்.

செடிக்கு மூன்று நான்கு காய்களை மட்டும் விட்டேன். பிஞ்சைக் கிள்ளும்போது மனசு கேட்கவில்லைதான். ஆனால் எல்லாவற்றையும் விட்டால் எதுவும் உருப்படியாகப் பருக்காது. காய்கள் ஈர மண்ணில் படாமல் இருக்க, அடியில் காய்ந்த வைக்கோல் வைத்தேன்.

பறிப்பதில் மறுபடியும் அவசரப்பட்டேன். தோலில் வலைபோன்ற கோடுகள் நன்றாக விழுந்திருந்தன, பழமும் பெரிதாக இருந்தது, வெட்டி எடுத்துவிட்டேன். மூன்று நாள் வைத்திருந்தும் மென்மையானதே தவிர இனிக்கவில்லை. மாம்பழம்போல் பறித்த பிறகு சர்க்கரையாக மாற இதில் மாவுச்சத்து சேமிப்பு கிடையாது. இனிப்பு முழுக்கக் கொடியில் இருக்கும்போதே ஏற வேண்டும்.

மீதிக் காய்களுக்குக் கடைசிப் பத்து நாள் தண்ணீரைக் குறைத்தேன், கொடி வாடாத அளவுக்கு மட்டும் ஊற்றினேன். வலைக்கு அடியில் இருந்த பச்சை நிறம் மங்கி மஞ்சளானது. காம்பு சேரும் இடத்தைச் சுற்றி மெல்லிய விரிசல் தெரிந்தது. கையில் தாங்கிக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினேன், காம்பு தானாகக் கழன்று வந்துவிட்டது. பூ தொட்ட நாளிலிருந்து அன்றைக்கு நாற்பத்தொன்றாம் நாள். வெட்டும் முன்பே வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது.