யூகன்சோலில் ஸ்லைடுஷோ: தேட ஒன்று, காட்ட ஒன்று

யூகன்சோல் என்ற கையடக்க லினக்ஸ் கணினியில் என் பறவைப் படங்களை ஸ்லைடுஷோவாக ஓடவிட நல்ல இமேஜ் வியூவர் (படம் காட்டும் மென்பொருள்) தேடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், அதனால் எழுதி வைக்கிறேன்.

திரை 5 அங்குலம், 1280-க்கு 720 பிக்சல். மவுஸுக்குப் பதில் ஒரு குட்டி டிராக்பால். அதனால் எனக்கு வேண்டியது இரண்டே: திரை முழுக்கப் படம் மட்டும் இருக்க வேண்டும், எல்லா வேலையும் கீபோர்டிலேயே முடிய வேண்டும். ஜிதம்ப், ஜிபிக்வியூ என்ற இரண்டு வியூவர்களிலும் ஸ்லைடுஷோ உண்டு. ஆனால் டூல்பாரும் மெனுவுமாக மேசைக் கணினிக்கென்று யோசித்துச் செய்தவை என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

டெஸ்க்டாப்பே இல்லாமல் வெறும் எழுத்துத் திரையான கன்சோலில் படம் காட்டும் எஃப்பிஐ என்ற வியூவர் மீது ஆசை அதிகம் இருந்தது. ஒரு படம் மங்கி அடுத்தது எழும் பிளெண்ட் வசதியும் அதில் உண்டு. ஆனால் யூகன்சோலின் திரை அடிப்படையில் நெடுக்குவாட்டுத் திரை. அதைத்தான் குறுக்கே திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கொடுக்கும் எஃப்பிகான் ரொட்டேட் அமைப்பு கன்சோல் எழுத்துகளை மட்டுமே திருப்பும். திரையின் பிக்சல்களை வைத்திருக்கும் நினைவகமான ஃப்ரேம்பஃபரில் நேரடியாக வரையும் எஃப்பிஐ-க்கு அது பொருந்தாது, படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் ஃபே என்ற வியூவர். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11-இல் ஓடும், மிகவும் இலகுவானது. அதைத் தொடங்கும் கட்டளையில் சேர்க்கும் எழுத்துகள் இவை: பெரிய எஃப் முழுத்திரைக்கு, பெரிய டி-யும் ஒரு எண்ணும் எத்தனை வினாடிக்கு ஒரு படம் என்பதற்கு, பெரிய ஒய் மவுஸ் அம்பை மறைக்க, சின்ன இசட் வரிசையைக் கலைக்க. ஓடும்போது எச் அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். பார்ப்பவர் “இது என்ன பறவை?” என்று கேட்கும் நேரத்தில் இந்த ஒரு விசை எனக்கு மிகவும் முக்கியம். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டில் இருப்பவர்களுக்கு ஐஎம்வி என்ற வியூவர் நல்லது. அதில் ஸ்லைடுஷோ ஓடும்போதே டி விசையால் வினாடியைக் கூட்டலாம், ஷிஃப்டோடு அழுத்திக் குறைக்கலாம்.

ஆனால் வியூவரை மாற்றுவதைவிடப் படங்களைத் தயார் செய்ததில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. 4000-க்கு 3000 பிக்சல் ஜேபெக் கோப்பு பார்க்கச் சிறிதாக இருக்கும். பிரித்து நினைவகத்தில் வைக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடும். திரையில் தெரிவதோ 960-க்கு 720 மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவையும் பிரித்துச் சுருக்குவதில்தான் தாமதமும் பேட்டரிச் செலவும். எனவே படங்களை மாற்றியமைக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை கொண்டு தனி ஃபோல்டரில் சுருக்கிய பிரதிகள் எடுத்தேன். படத்தைத் தானாக நேராக்கும் ஆட்டோ ஓரியன்ட்டும் சேர்த்ததால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களும் நேராக நின்றன. சரியாகத் திரை அளவுக்கே சுருக்கினால் ஸூம் செய்யும்போது இறகின் நுணுக்கம் போய்விடும். அதனால் இரண்டு மடங்காக 1920-க்கு 1440 வைத்தேன். ஒரு படத்துக்குச் சுமார் 11 எம்பிதான். படம் மாறுவது கண்ணுக்கு உடனடியாகவே தெரிகிறது.

படங்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஃபே எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே என்எஸ்எக்ஸ்ஐவி என்ற வியூவர் வந்தது. வளர்ச்சி நின்றுபோன எஸ்எக்ஸ்ஐவி-யிலிருந்து கிளைத்தது இது. தம்ப்நெயில் கட்டங்களில் திசை விசைகளால் நகர்ந்து, எம் அழுத்திக் குறித்துக்கொண்டே போகலாம். சின்ன ஓ கொடுத்துத் திறந்திருந்தால், மூடும்போது குறித்த கோப்புகளின் பட்டியலை வெளியே தரும். அந்தப் பட்டியலை ஒரு பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குறி) போட்டு, ஃபேயில் சின்ன எஃப்-உம் ஒரு ஹைஃபனும் கொடுத்து வாங்கிக்கொண்டால் அந்தப் படங்கள் மட்டும் ஓடும். இரண்டையும் இணைக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டாக்கி மெனுவில் வைத்துவிட்டேன். நானாக எழுதியது அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இதே வழியில் போக நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரம் விசை எதையும் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எக்ஸ்செட் கட்டளை கொண்டு ஸ்கிரீன்சேவரையும், திரையின் மின்சாரத்தைக் குறைக்கும் டிபிஎம்எஸ்-ஐயும் நிறுத்திவிடுங்கள். அடுத்தது, ஃபேயில் டெலீட் விசை படத்தைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும், கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் கோப்பையே அழித்துவிடும். யூகன்சோலை மற்றவர் கையில் கொடுப்பதாக இருந்தால், ஃபேயின் விசைகளை அமைக்கும் கீஸ் கோப்பில் அந்தச் செயலின் பெயரை மட்டும் எழுதி எதிரே விசை எதுவும் போடாமல் விடுங்கள். கண்ட்ரோல் டெலீட் அதன்பின் வேலை செய்யாது.