கிராலர் ஸ்டியரிங்குக்கு உலோகப் பாகங்கள்: எதில் தொடங்குவது?

ரிமோட்டால் இயக்கி, கற்களின் மீது மெதுவாக ஏற்றும் மாடல் வண்டியான ஆர்.சி. கிராலர் வேகமாக ஓடும் வண்டி அல்ல. ஒரு சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கி, வண்டியின் எடையில் பெரும்பகுதி அந்த ஒரே டயரின் மீது இறங்கியிருக்கும்போது, நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்ப வேண்டிய கட்டாயம் அதற்கு அடிக்கடி வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் டயர் உருளுவதால் ஸ்டியரிங் எளிதாகத் திரும்பிவிடும். நிற்கும் வண்டியில் ரப்பர் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ தள்ளுகிற விசை முழுவதும் நடுவில் இருக்கும் கம்பிகளிலும் மூட்டுகளிலும்தான் இறங்கும். பிளாஸ்டிக் பாகங்களின் குறை அந்த நேரத்தில் கண்ணுக்கே தெரியும்.

என்னிடம் இருப்பது ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 II. 2016-இல் வெளிவந்த இந்த மாடலில் சர்வோ, சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸிலின் மேல் இல்லை. உண்மையான ஜீப்புகளைப் போல சேசிஸில், அதாவது வண்டியின் சட்டகத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. சர்வோவிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி ஒரு பக்க நக்கிளுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்துக்குப் போகிறது. அந்த நக்கிளிலிருந்து மறுபக்க நக்கிளுக்கு டை ராட் என்ற இன்னொரு கம்பி போகிறது. ஆகவே சர்வோ நேரடியாகத் திருப்புவது ஒரு சக்கரத்தை மட்டுமே, மற்றதை டை ராட்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைக் கல்லின் மீது அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள்: பிளாஸ்டிக் டை ராட் வில்லாக வளையும், ஒரு சக்கரம் திரும்பியிருக்க, இன்னொன்று பாதி வழியிலேயே நிற்கும். சர்வோவுக்குப் பலம் போதவில்லை என்று பலரும் நினைப்பது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். பெரும்பாலும் பலம் போதுமான அளவு இருக்கிறது. அது சக்கரம் வரை போய்ச் சேரவில்லை.

உலோகப் பாகங்கள் எதற்கு என்று கேட்டால், உடையாமல் இருப்பதற்கு என்பதைவிட வளையாமல் இருப்பதற்கு என்றே நான் சொல்வேன். ஆனால் ஒரு பாகம் வளைவதை நிறுத்தினால், அது அதுவரை விழுங்கிக்கொண்டிருந்த விசை அடுத்த பாகத்துக்குப் போய்விடும். கம்பியை மாற்றினால், சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் கையான ஹார்ன் வளையும், ஹார்னை மாற்றினால் சர்வோவின் பல் சக்கரங்கள் அடி வாங்கும். அதனால் கடையில் கண்ணுக்கு அழகாக இருக்கிற நக்கிளிலிருந்து தொடங்காமல், விசை புறப்படும் இடமான சர்வோவிலிருந்து வெளிப்பக்கமாகப் போவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. சர்வோவின் உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம் இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சர்வோவையே. பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிக்கு 20 முதல் 25 கிலோ-செ.மீ. முறுக்குவிசை கொண்ட, உலோகப் பல் சக்கரம் உள்ள சர்வோ நன்றாக ஈடுகொடுக்கிறது.

அடுத்தது ஹார்ன். இன்று கிடைக்கும் பெரும்பாலான சர்வோக்களின் தண்டில் 25 பற்கள் இருக்கும். ஆனால் 24 பல், 23 பல் சர்வோக்களும் புழக்கத்தில் இருப்பதால், வாங்குமுன் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவால் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகை அலுமினிய ஹார்ன் எனக்குப் பிடித்தமானது. நீளத்திலும் கவனம் தேவை. 25 கிலோ-செ.மீ. சர்வோவில் இரண்டரை செ.மீ. நீள ஹார்ன் வைத்தால் அதன் முனையில் 10 கிலோ விசை கிடைக்கும், இரண்டு செ.மீ. வைத்தால் பன்னிரண்டரை கிலோ கிடைக்கும். குட்டையான ஹார்னில் பலம் கூடும், திரும்பும் கோணம் குறையும். சர்வோவை மின்சாரம் கொடுத்து நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஹார்னை மாட்ட வேண்டும். 25 பற்கள் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி, எனவே எப்படி மாட்டினாலும் ஹார்ன் செங்குத்திலிருந்து சற்றே விலகித்தான் நிற்கும். மிஞ்சிய அந்தச் சில டிகிரிகளை ரிமோட்டில் உள்ள சப்-டிரிம் கொண்டு சரிசெய்துவிட்டு, பிறகு கம்பிகளின் நீளத்தை அளப்பதே முறை. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் வண்டி ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

கம்பிகளுக்கு அலுமினியம், ஸ்டீல், டைட்டானியம் என மூன்று உலோகங்களும் விற்பனையில் உள்ளன. அலுமினியத்திலேயே 6061, 7075 என்ற இரண்டு வகைகளுக்கு இடையில் பெரிய வேறுபாடு உண்டு. நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்குவதில் 7075 ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவானது. விளம்பரத்தில் வெறுமனே ‘அலுமினியம்’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் அந்தக் கம்பியை வாங்குவதில்லை. ஸ்டீலோ விறைப்பில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. எடை கூடும் என்றாலும், அந்த எடை வண்டியின் அடிப்பகுதியில் முன்பக்கமாக விழுவதால் கிராலருக்கு அது நல்லதுதான். என் வண்டியில் டை ராடும் டிராக் லிங்கும் ஸ்டீல்.

சேசிஸில் சர்வோ உள்ள வண்டிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆக்ஸில் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ள பேன்ஹார்ட் ராட் என்ற கம்பி உண்டு. சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும்போது ஆக்ஸில் இந்தக் கம்பி வரையும் வட்டத்தின் வழியே சிறிது பக்கவாட்டிலும் நகரும். டிராக் லிங்கும் அதே வட்டத்தில் நகர்ந்தால் சக்கரங்கள் நேராகவே இருக்கும். இல்லையென்றால் வண்டி அமுங்கும்போதெல்லாம் ரிமோட்டைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். எனவே புதிய டிராக் லிங்க், பக்கத்திலிருக்கும் பேன்ஹார்ட் ராடுக்கு இணையாகவும், கூடியவரை அதே நீளத்திலும் அமைய வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைக் கையால் முழுவதும் அமுக்கிவிட்டு டயர்களை மேலிருந்து பாருங்கள். அவை திரும்பினால், ஹார்ன் பக்கத்து முனையை ஸ்பேசர் வைத்து ஏற்றியோ இறக்கியோ மறுபடி பார்க்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் விலை உயர்ந்த கம்பி போட்டும் பயனில்லை.

உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சிறு துளி வேண்டும். மரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஸ்க்ரூவையும் துளையையும் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். சிவப்பு நிறம் வேண்டவே வேண்டாம், பிறகு சூடுபடுத்தாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக்கில் திருகும் ஸ்க்ரூக்களுக்கு லாக்டைட் தேவையில்லை. அங்கே அது சரியாக இறுகுவதில்லை என்பதோடு, சில வகைப் பிளாஸ்டிக்குகளில் விரிசலையும் உண்டாக்கும். எம்3 பட்டன் ஹெட் ஸ்க்ரூவுக்கு 2 மி.மீ. அலன் கீ, சாக்கெட் ஹெட்டுக்கு 2.5 மி.மீ. முனை தேய்ந்த மலிவான அலன் கீ, ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். இந்த வேலையில் நல்ல டிரைவர் ஒன்றுக்குச் செலவழிப்பது பாகங்களுக்குச் செலவழிப்பதைப் போலவே முக்கியம்.

நக்கிளுக்கும், அதை ஆக்ஸிலின் முனையில் பிடித்திருக்கும் சி-ஹப்புக்கும் கடைசியில்தான் வருகிறேன். இங்கே அலுமினியமா பித்தளையா என்பது எடையைப் பற்றிய கேள்வி. பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்காமல் இருக்க, சக்கரத்தின் மையத்தை ஒட்டிச் சேரும் அந்த எடை மிகவும் உதவுகிறது. எனினும் பொருத்தும் தரம்தான் எதையும்விட முக்கியம். பேரிங்கை நக்கிளில் விரலால் அழுத்தினால் அது இறுக்கமாக, ஆனால் தட்டாமல் உட்கார வேண்டும். தானாக விழுந்துவிடும் அளவுக்குத் தளர்வாக இருந்தால், கழற்றிய பழைய பிளாஸ்டிக் நக்கிளே மேல். நக்கிளும் சி-ஹப்பும் சேரும் மேல்-கீழ் மூட்டில் ஆட்டம் இருந்தால் ஷிம் எனும் மெல்லிய வளையம் போட்டு, சக்கரம் தன் எடையிலேயே வழுக்கித் திரும்பும் அளவுக்குச் சரிசெய்யலாம். நடுவில் புஷ் என்ற சிறு குழல் இல்லாமல் ஸ்க்ரூவும் அலுமினியமும் நேரடியாக உராயும் வடிவமைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள், துளை விரைவில் நீள்வட்டமாகிவிடும். தண்ணீரில் ஓட்டுபவர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு வரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை ஸ்டாண்டில் வைத்து, சக்கரங்களை மெதுவாகச் சுழலவிட்டுக்கொண்டே முழுதாக ஒரு பக்கம் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஆக்ஸில் மூட்டு தடக் தடக் என்று இடித்தால் கோணம் அதிகம் என்று பொருள். சக்கரம் முழுதாகத் திரும்பி நின்ற பிறகும் சர்வோ ரீங்கரித்துக்கொண்டிருந்தால், அது நக்கிளின் தடுப்பை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் அந்தத் தள்ளலில் சற்று விட்டுக்கொடுத்தது. உலோகம் விட்டுக்கொடுக்காது, ஆதலால் சர்வோ சூடாகி மின்சாரத்தை உறிஞ்சும், ஸ்பீடு கன்ட்ரோலரில் சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பி.இ.சி. சுற்று தாங்காமல் ரிசீவரே ஒரு கணம் அணைந்துபோகவும் கூடும். ரிமோட்டில், சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று வரையறுக்கும் இ.பி.ஏ. அளவை, ரீங்காரம் நிற்கும் புள்ளி வரை இருபுறமும் தனித்தனியாகக் குறையுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வீடு திரும்பியதும் ஹார்னின் கிளாம்ப் ஸ்க்ரூவையும் நக்கிளின் மேல் ஸ்க்ரூவையும் ஒருமுறை அலன் கீயால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். புதிய பாகங்களில் முதலில் தளர்வது இந்த இரண்டும்தான்.