ஒரு தடவைப் பிரசுரத்துக்கு மட்டும்

சென்ற ஆண்டு மட்டக்களப்பு நகரில் ஒரு புத்தகக் கடையில் சிறுகதைத் தொகுதியொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, முன்னர் நான் ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்த கதை அதில் இருக்கக் கண்டேன். பெயர் என்னுடையதுதான்; கடைசிப் பந்தியைத்தான் காணவில்லை. வாவிக்கரையில் வலையைக் காயப்போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கும் கிழவனோடு நான் முடித்திருந்த கதை, அவனுடைய மகள் அழுவதோடு நின்றுபோயிருந்தது. தொகுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "சஞ்சிகையில வந்த கதைதானே, சஞ்சிகை ஆசிரியரிட்ட கேட்டுத்தானே போட்டம்" என்றார்.

அவர்மீது வந்த கோபத்தைவிட என்மீது வந்ததே அதிகம். அந்தக் கதையை வாட்ஸப்பில் அனுப்பியபோது, "பாருங்க சேர்" என்பதற்கு மேல் நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கதை எழுதப்பட்டவுடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு எதுவும் தேவையில்லை. அவருடைய ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். (தமக்குத் தாமே பதிவுத் தபாலில் கதையை அனுப்பி, உறையைப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது திகதிக்கான ஒரு சான்று மட்டுமே, அதை ஒரு மின்னஞ்சலும் தரும்.) நம்மில் பலர் கவனிக்காத பகுதி இதற்கு அப்பால் இருக்கிறது: பொருளாதார உரிமையை, அதாவது கதையை அச்சிடுவது, மொழிபெயர்ப்பது போன்றவற்றுக்கான உரிமையை, மாற்றிக் கொடுப்பது இரு தரப்பினரும் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, அதில் வெளிப்படையாகச் சொல்லப்படாத எந்த உரிமையும் கைமாறியதாகக் கொள்ளப்படமாட்டாது. ஆகவே, தொகுதிக்குக் கொடுப்பதற்கு அந்த ஆசிரியரின் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. தன் பெயர் இடம்பெற வேண்டும் என்று கோருவதும், தன் மதிப்புக்குக் கேடாகக் கதை சிதைக்கப்படுவதை எதிர்ப்பதும், மற்ற உரிமைகளை விற்றுவிட்ட பின்னரும் எழுதியவரிடமே எஞ்சியிருக்கும்.

இப்போது கதை அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், "உங்கள் சஞ்சிகையின் ஓர் இதழில் ஒரு தடவை அச்சிட மட்டும் இசைகிறேன்; தொகுப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிவடிவம், இணையம் ஆகியவற்றுக்கும் திருத்தங்களுக்கும் என் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்" என்று எழுதுகிறேன். கைக்காசில் இதழ் நடத்தும் ஒருவருக்கு இப்படி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது, ஓர் ஆசிரியர் மனம் நொந்து, "எங்களில நம்பிக்கை இல்லையா?" என்றும் கேட்டுவிட்டார். தமிழ்நாட்டுப் பதிப்பகங்களோடு ஒப்பந்தம் செய்வோர் உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்குப் போகிறது என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும், ஆனால் "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பரிசு பெறாத கதைகளின் உரிமையையும் ஏற்பாட்டாளர்களே எடுத்துக்கொள்ளும் போட்டிகளுக்கு நான் அனுப்புவதில்லை.

தொகுத்தவர் பின்னர் வருத்தம் தெரிவித்து, விற்காமல் எஞ்சிய பிரதிகளில் கடைசிப் பந்தியைத் துண்டுத்தாளில் அச்சிட்டு ஒட்டினார். எனக்குத் தந்த பிரதியில் அது சற்றுக் கோணலாக, மகளின் அழுகையைப் பாதி மறைத்தபடி ஒட்டப்பட்டிருக்கிறது.