மொட்டைப் பனைக்கு அடியில்

பூநாரை பார்க்கத்தான் ராமநாதபுரம் கடற்கரை ஊரான வாலிநோக்கம் போனேன். உப்பளத்தை ஒட்டிக் காலையெல்லாம் காய்ந்ததுதான் மிச்சம். டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கருவாடு விற்ற அப்பத்தா காதில் அது விழுந்திருக்கிறது. "பறவைதானப்பா பாக்கணும்? ராத்திரி இருந்து பாரு. மனுச மூஞ்சியோட ஒண்ணு வரும்" என்றார்.

வெள்ளைச் சிறகாம். தலைக்கு மேல் போனாலும் சத்தம் கேட்காதாம். கத்தினால் மட்டும் குலை நடுங்குமாம். ஊரில் சாக்குருவி என்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததே, அதற்கு நாலு நாள் முன்னால் அது இவர் வீட்டுக் கூரைமேல் வந்து உட்கார்ந்ததாம். அப்போது அவருக்குப் பத்து வயது.

எனக்கு அமெரிக்காவின் 'மாத்மேன்' ஞாபகம் வந்தது. 1966 நவம்பரில் பாயின்ட் பிளசன்ட் என்ற ஊரில், சிவந்த கண்ணும் பெரிய சிறகுமாக எதையோ பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 15 அன்று அங்கே சில்வர் பாலம் இடிந்து 46 பேர் செத்தார்கள். சனங்கள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பெரிய கொக்கு, ஆந்தை என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. யார் கேட்டார்கள்?

சாயங்காலம் பனையேறி அண்ணன் ஒருவர் தலை போன மொட்டைப் பனை ஒன்றைக் காட்டினார். உச்சியில் பொந்து. அடியில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள். ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். எலி மயிர், அதற்குள் ஊசி ஊசியாய் எலும்பு, மஞ்சள் பல்லோடு ஒரு தாடை. கூகை என்கிற ஆந்தை விழுங்கிவிட்டுக் கக்கியது. இருட்டியதும் அதுவும் வந்தது. இதய வடிவ வெள்ளை முகம். இறகு ஓரம் சீப்புப் பல் போல இருப்பதால் காற்று சிதறிவிடும், சத்தம் எழாது. தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அது கிறீச்சிட்டபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பத்தாவிடம் போய், "அது கூகை அப்பத்தா, எலி தின்கிற பறவை" என்றேன்.

கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்: "கூகைய எனக்குத் தெரியாதாப்பா? அன்னிக்கு வந்தது அது இல்ல."

கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.