நாற்பது புள்ளி எட்டு

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முதல் செய்முறையாக நான் எப்போதும் நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசலைத்தான் வைப்பேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரக் கிராமத்துப் பள்ளி எங்களுடையது. ஆய்வகத்துக் குண்டுகளில் பாதிக்குக் கொக்கி போயிருந்ததால், அந்த வருஷம் பிள்ளைகளே வீட்டிலிருந்து தூண்டிலுக்குக் கட்டும் ஈயமும் தங்கூஸ் என்கிற நைலான் நூலும் கொண்டு வந்தார்கள். அப்பா தொழிலுக்குக் கொண்டுபோகும் சாமான் பாடத்துக்கும் ஆகிறது என்று அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான்.

ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் அலைவு நேரத்தை எது மாற்றும்? எடையா, இழுத்துவிடும் தூரமா, நீளமா? ஒன்றை மாற்றும்போது மற்ற இரண்டையும் தொடக்கூடாது. 20 அலைவுக்குச் சேர்த்து நேரம் எடுக்க வேண்டும். 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் கையில் கிடைப்பது 19தான். ஆடிக்காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்து. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தேன்.

100 செ.மீ. நீளத்துக்கு 40.2 வினாடி வந்தது. 25 செ.மீ.க்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். "பத்து, சாரே" என்று வகுப்பே சொன்னது. எடுத்துப் பார்த்தால் 20.1. நீளம் கால்வாசியானால் நேரம் பாதிதான் குறைகிறது. வர்க்கமூலம் கண் முன்னால் ஆடியது. இழுத்துவிடும் கோணம் பத்து டிகிரிக்குள் இருந்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. அறுபது டிகிரிக்கு இழுத்தால் ஏழு சதவீதம் கூடிவிடும்.

எடையில்தான் சிக்கல். "கனம் கூடுனா நேரமும் கூடுது சாரே" என்றாள் ஒரு பிள்ளை. பெரிய ஈயத்துக்கு அவளுக்குக் கிடைத்தது 40.8. நான் அவசரத்தில், "புத்தகத்துல என்ன போட்டிருக்கு? திரும்ப எடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவள் நோட்டில் 40.2 இருந்தது. அந்த 2க்கு அடியில், ரப்பர் தேய்த்த இடத்தில், 8இன் கீழ்வளைவு லேசாகத் தெரிந்தது. "மறுபடி எடுத்தியா?" என்று கேட்டேன். தலை குனிந்துகொண்டாள். அவளை நினைத்தல்ல, என்னை நினைத்துத்தான் மனசு கனத்தது. சரியாக அளந்த பிள்ளையை நானே அழிக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு பேருமாக அதே ஈயத்தை மறுபடி தொங்கவிட்டோம். 40.8தான் வந்தது. அப்புறம் மீட்டர் ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். முந்தின நாள் சின்ன ஈயத்தோடு அளந்த நீளத்தையே பெரியதற்கும் எழுதியிருந்தாள். கனம் ஏறியதும் தங்கூஸ் ஒன்றரை செ.மீ. இழுபட்டிருந்தது. ஊசலின் நீளத்தை ஈயத்தின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும்; பெரிய ஈயம் நீண்டும் இருந்ததால் அந்த நடுப்புள்ளி இன்னும் ஒன்றரை செ.மீ. கீழே போயிருந்தது. நேரத்தைக் கூட்டியது எடை இல்லை, 103 செ.மீ. ஆகிவிட்ட நீளம். 100க்கு 40.2, 103க்கு 40.8. இரண்டையும் வைத்து புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிட்டோம், இரண்டுக்கும் 9.77 வந்தது. நம் குமரிப் பக்கத்தில் உண்மையான மதிப்பு 9.78. தூண்டில் சாமானை வைத்து அவ்வளவு பக்கத்தில் போய்விட்டாள்!

அவளுக்கு பாசெவி கதையைச் சொன்னேன். 1865இல் தொடங்கி, ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவை அளந்த பெரிய முக்கோண அளவைக்காக ஊசல்களைச் சுமந்துகொண்டு குமரி முனைப் பக்கத்திலிருந்து லடாக் வரை புவியீர்ப்பை அளந்த அதிகாரி. 1871இல் லடாக் மலையில் அந்த வேலையின்போதே இறந்துபோனார். வெயிலில் உலோக ஊசல் நீளும் துளி நீளத்தைக்கூட அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள் என்றதும் அவள் தங்கூசை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

நோட்டில் 40.2ஐ அழிக்க ரப்பரை எடுத்தாள். வேண்டாம் என்றேன். பேனாவால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 40.8 என்றும் நீளத்துக்கு நேரே 103 என்றும் எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.