பிரஷர் கட்டுக்குள் வந்த விதம்

பிரஷர் ஏறினால் தலை சுற்றும், பிடரி இழுக்கும், கண் இருட்டும் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவுமே இருக்கவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசி போடுவதற்கு முன் அளந்து பார்த்தார்கள்: 168க்கு 104. கொஞ்ச நேரம் இருக்கவைத்து மறுபடி அளந்தார்கள், பெரிதாக இறங்கவில்லை. "பல்லை ஆறுதலாப் பாப்பம், முதல்ல இதுக்கு ஒரு டொக்டரைப் பாருங்கோ" என்று பல் வைத்தியர் துண்டு எழுதித் தந்தார்.

எனக்கு வயது 47. கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, பாடசாலையில் கற்பிக்கிறேன். அந்த இலக்கத்தைக் கேட்டதும் அப்பாதான் மனதில் வந்தார். அவருக்கும் பிரஷர் இருந்தது, குளிசையும் இருந்தது. சுகமாக இருக்கிற நாட்களில் போடமாட்டார். கடைசியில் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பேச வராமல் அவர் எங்களைப் பார்த்த பார்வையை வீட்டில் எவராலும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

ஒரு தடவை அளந்ததை வைத்து மட்டும் யாரும் பிரஷர் நோயாளி ஆகிவிடுவதில்லை. வேறு வேறு நாட்களில் அளந்து, திரும்பத் திரும்ப 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் உறுதி செய்வார்கள். இதற்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, காசும் இல்லை. 35 வயது தாண்டியவர்கள், வருத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் போகலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் எடுக்காமல் காலையில் வரச் சொல்வார்கள். உயரம், நிறை, பிரஷர், இரத்தத்தில் சீனி எல்லாம் பார்த்தபின், வயது, புகைப்பழக்கம், பிரஷர் முதலியவற்றை ஒரு வர்ணக் கட்ட அட்டவணையில் பொருத்தி, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டுவார்கள். அந்த அட்டவணையை நன்றாகக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். நான் போன இடத்தில் தாதி சிங்களத்தில்தான் கதைத்தார். எனக்கு ஓரளவு வரும். வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது, ஏனென்றால் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம், என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று நிறையக் கேட்பார்கள்.

எனக்கு வெறும் வயிற்றுச் சீனி 112 இருந்தது. 100 முதல் 125 வரை சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை, 126 அல்லது அதற்கு மேல் என்றால் வருத்தமே. அங்கிருந்து வைத்தியசாலை கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். அங்கே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், கொலஸ்ட்ரோல், சிறுநீரில் புரதம், ஈசிஜி. பிரஷருக்கு ஏன் சிறுநீரை எல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். டொக்டர் அருமையாக விளக்கினார். உயர்ந்த பிரஷர் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும், பழுதான சிறுநீரகம் பிரஷரை இன்னும் ஏற்றும். ஒன்று மற்றதை வளர்க்கும். அந்தச் சுற்று தொடங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்களாம். எனக்குத் தொடங்கியிருக்கவில்லை.

இனி அளக்கிற விஷயம். கிளினிக்கில் முதலில் என் கையில் சுற்றிய பட்டி இறுக்கமாக இருந்தது. டொக்டர் அதைக் கழற்றி, அகலமான பட்டி கொண்டுவரச் சொன்னார். பருத்த கைக்குச் சின்னப் பட்டி சுற்றினால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதற்குப் பிறகு நான் கதைத்துக்கொண்டே இருந்தேன், "கதைக்காதேங்கோ அம்மா, காலையும் கீழ வையுங்கோ" என்றார். கதைத்தால் மட்டும் 10 புள்ளி வரை கூடலாம். கால்மேல் கால் போட்டால் கூடும், முதுகு சாயாமல் இருந்தால் கூடும், கை தொங்கினால் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தாலும் கூடும். அளப்பதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீர், கோப்பி, சிகரெட் கூடாது. 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். நெரிசலான பஸ்ஸில் வந்து, படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு கையை நீட்டுகிறவருக்கு என்ன இலக்கம் வரும்?

வைத்தியசாலையைக் கண்டாலே சிலருக்குப் பிரஷர் ஏறும். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். அதனால் வீட்டில் அளக்கச் சொன்னார்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் விலை குறைவு, ஆனால் மேற்கையில் சுற்றுவதைத்தான் வாங்கச் சொன்னார் டொக்டர். காலையில் குளிசை போடுவதற்கு முன் இரண்டு தரம், இரவில் இரண்டு தரம், இடையில் ஒரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும். ஒரு கிழமை அப்படி ஒரு கொப்பியில் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுக்க வேண்டும். வீட்டுக் கணக்கில் 135க்கு 85 தான் எல்லை, கிளினிக்கின் 140க்கு 90 அல்ல. ஒற்றை இலக்கத்தைப் பார்த்துப் பதறுவது எனக்கு இந்தக் கொப்பி வைத்த பிறகுதான் நின்றது. கிளினிக்கிலும் டொக்டர் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

முதலில் அம்லோடிபின் தந்தார்கள். பிரஷர் இறங்கியது, ஆனால் பின்னேரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கின. நிற்கிற வேலை என்பதால் இருக்கும் என்று நினைத்தாலும் போய்ச் சொன்னேன். அந்தக் குளிசைக்கு அப்படி வீங்குவது வழக்கம், ஆபத்தில்லை என்றார் டொக்டர். லொசார்டானுக்கு மாற்றினார், சில கிழமை கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்த்தார். பக்க விளைவு வந்தால் குளிசையை நாங்களே நிறுத்தக்கூடாது என்பதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். பிரஷருக்குப் பலவகைக் குளிசை இருக்கிறது, ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று தருவார்கள். பிரஷர் சரியாகிவிட்டதென்று நிறுத்துவது அதைவிட மோசம். குளிசை போடுவதால்தானே சரியாக இருக்கிறது. அப்பா நிறுத்தியதும் அப்படித்தான்.

கிளினிக்கில் இல்லாத மருந்தை ஒசுசலவில் வாங்குகிறேன். அது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அந்தக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்குகிற முறையைக் கொண்டுவந்தார். துண்டில் லொசார்டான் என்று எழுதியிருந்தால் எந்தக் கம்பனியினது என்று அலைய வேண்டியதில்லை. என்னைப்போல மாதா மாதம் மருந்து வாங்குகிறவர்களுக்கு அந்த மனிதர் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம்!

பார்மசியில் இன்னொரு கவனமும் வேண்டும். முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரோபன் என்று கேட்டு வாங்குவது எங்கள் ஆட்களின் பழக்கம். இவை பிரஷரை ஏற்றும், லொசார்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் தாக்கலாம். சளிக்கு, மூக்கடைப்புக்குத் தருகிற சில குளிசைகளும் பிரஷரை ஏற்றும். பிரஷர் இருக்கிறது என்று முதலே சொல்லிவிட வேண்டும்.

சரி, உப்புக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பெரிய போராட்டம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று சொல்கிறது. அதாவது தலைதட்டி எடுத்த ஒரு தேக்கரண்டிகூட இல்லை, வெளியில் சாப்பிடுவதும் சேர்த்து. சட்டியில் போடுகிற உப்பைக் குறைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். குசினியைச் சுற்றிப் பார்த்தால் உப்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது! நெத்தலிக் கருவாடு, சம்பலில் போடும் மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், டின்மீன், சூப் கட்டி, நூடில்ஸோடு வருகிற தூள் பைக்கற், சோயா சோஸ். காலையில் வாங்குகிற பாணிலும் உப்பு. பள்ளிக்கூட கன்டீனில் ரோல்ஸும் பற்றீஸும். இரவில் கொத்துரொட்டி வாங்கினால் அன்றைய அளவு அதோடு முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். சோறு வடிக்கும்போது போடும் உப்பை முதலில் விட்டேன், கறியோடு சாப்பிடுகையில் அது யாருக்கும் தெரியவில்லை. அடுத்தது சூப் கட்டியும் தூள் பைக்கற்றும். கருவாடு கிழமைக்கு ஒரு நாள், அதையும் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்கிறேன். அன்று மற்றக் கறிகளுக்கு உப்பு இல்லை. சம்பலுக்கு மாசியைக் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினேன். மீனுக்குக் கொறுக்காயும் மிளகும் கொஞ்சம் அதிகம். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காயும் சின்ன வெங்காயமும் இருந்தால் உப்பு பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

மாமி யாழ்ப்பாணத்துச் சமையலில் ஊறியவர். முதல் கிழமை சொதியை வாயில் வைத்துவிட்டு, "பிள்ளை, உப்பில்லாப் பண்டம் குப்பையில எண்டு தெரியாதே?" என்றார். அவரிடம் வாதாடவில்லை. அவருக்கும் பிரஷர் இருக்கிறது, கொப்பியில் அவருடைய இலக்கங்களையும் எழுதத் தொடங்கினேன். சில கிழமைகளில் நாக்கு பழகிவிட்டது. ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, "அந்தக் கறி கடல்தண்ணி மாதிரி" என்று அவரே சொன்னார்.

உப்புக்குப் பதிலாக என்று விற்கிற பொட்டாசியம் கலந்த உப்பை நானும் வாங்கப் பார்த்தேன். லொசார்டான் எடுப்பவர்களுக்கு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் குழப்பலாம். டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இரத்தத்துச் சீனிக்காகப் பிளேன்டீயில் சீனியை நிறுத்தினேன். வெள்ளை அரிசியைக் குறைத்துச் சிவப்பரிசி, சிலநாள் இரவில் குரக்கன் பிட்டு. நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிழமைக்கு 150 நிமிடம், பாடலாம் என்றால் மூச்சு வாங்கும், கதைக்க முடியும் என்கிற வேகம். மரைன் டிரைவில் வெயில் ஏறுமுன் கடற்காற்றில் நடந்தால் அலுப்பே இல்லை.

அப்பாவுக்கு நடந்ததால் இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடுவார்கள். பிளேன்டீ கொடுத்துப் படுக்கவைத்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. வாயில் எதுவும் கொடுக்கவும் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

இப்போது என் வீட்டுச் சராசரி 126க்கு 80ஐ ஒட்டி நிற்கிறது. குளிசை தொடர்கிறது. சீனியும் 100க்குக் கீழே வந்துவிட்டது. பல்லையும் பிடுங்கியாயிற்று. என் கணவர் இவ்வளவு காலமும் தனக்கு ஒன்றும் இல்லை என்று இருந்தார், போன கிழமை என் மெஷினில் கையை விட்டார். 150ஐத் தாண்டியிருந்தது. தாய்க்கும் இருக்கிற வருத்தம் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. கொப்பியில் அவருக்கும் ஒரு பக்கம் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு கிழமைச் சராசரி 135க்கு மேலே நின்றால், அதே நிலையத்துக்கு வெறும் வயிற்றோடு கூட்டிப் போவேன்.